கல் வைத்த அறை

பாச்சலூரிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்கு இறங்கும் மலைப்பாதையில், ஜீப்பின் பின்சீட்டில் இருந்த பெட்டி திடீரென்று கீச்சிடத் தொடங்கியது. காலையில் வேலை முடிந்ததும் அதை அணைக்க ஸைமா மறந்திருந்தாள். திரும்பிப் பார்த்தபோது அதன் சின்னத் திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

“வண்டிய நிறுத்துங்கண்ணே.”

டிரைவர் ஞானவேல் நிறுத்தவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தார். “என்னங்க மேடம்?”

“ரோட்டுலயே இவ்வளவு காட்டுது. உள்ள எவ்வளவு இருக்கும்?”

மலைச்சரிவை வெட்டி எடுத்த இடத்தில் ஒரு வாழைக்காய் குடோன் நின்றது. அதன் பின்சுவர் சரிவோடு சரிவாக ஒட்டியிருந்தது. முன்னால் வாழைத்தார் இறக்கிப்போட்ட இலைச்சருகுக் குவியல். அதைப் பார்த்ததும் ஞானவேலுக்குப் புரிந்துவிட்டது.

“வேண்டாங்க. இது செல்லப்பாண்டி குடோன். போன மாசந்தான் ஆபீசருங்க வந்து சரக்கு பூராத்தையும் குழி வெட்டிப் பொதைச்சுட்டுப் போயிருக்காங்க. நம்ம சோலி அளக்கிறது. ரெய்டு அடிக்கிறது இல்ல.”

“அளக்கத்தான் போறேன்” என்றாள் ஸைமா. வண்டி முழுதாக நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

ஸைமா கொடைக்கானல் பஜாரில் கம்பளிக் கடை வைத்திருக்கும் அப்பாஸின் மகள். கோயம்புத்தூரில் ஒரு லேசர் ஆய்வகத்தில் வேலை. அந்தப் பெட்டி அவள் கையால் உருவானது. சுற்றியுள்ள காற்றை ஒரு குழாய் வழியாக உள்ளே இழுத்து, கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை அந்தக் காற்றுக்குள் ஓடவிடும். காற்றில் அசிட்டிலீன் வாயு கலந்திருந்தால் அது அந்த ஒளியில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். எவ்வளவு தின்றது என்பதைத் திரை காட்டும். தானாகப் பழுக்கிற வாழைப்பழத்திலிருந்து அந்த வாயு வராது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தால்தான் வரும். பழத்தை வெட்டாமல், ஆய்வகத்துக்கு அனுப்பாமல், நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கீழ்மலையின் மலைவாழைக்கு நல்ல விலை உண்டு, பழனிக்குப் பஞ்சாமிர்தத்துக்கும் போகிறது என்பதால் இங்கே சோதித்துப் பார்க்க வந்திருந்தாள். அனுமதி கொடுத்த குடோன்களில் எல்லாம் சுத்தமான பழம்தான் இருந்தது. பெட்டி வாயே திறக்கவில்லை. இப்போதுதான் முதல்முறையாகக் கத்துகிறது. உண்மையைச் சொன்னால், அவளுக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது.

குடோனில் பழனிமுத்து என்ற சுமையாள் மட்டும் இருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் சாக்கு, கையில் பீடி. பெட்டியோடு வந்த பெண்ணை எடைபோடத் தெரியாமல் விழித்தான்.

“பழம் வாங்க வந்தீங்களா? மொதலாளி சாப்பிடப் போயிருக்காரு.”

“சும்மா பாத்துட்டுப் போயிடுறேங்க” என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளறைக்குள் போய்விட்டாள். ஞானவேல் ஜீப்பைச் சரியாக ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்தார்.

உள்ளறை பெரிய அறை. ஜன்னல் கிடையாது. சுவருக்கும் கூரைக்கும் இடையிலிருந்த சந்துகளிலெல்லாம் சாக்கைத் திணித்து அடைத்திருந்தார்கள். சிமெண்ட் சீட்டுக் கூரையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சத்துக்காகப் பிளாஸ்டிக் சீட்டு போட்டிருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் வாழைத்தார்கள். மூலையில் மூடிய தகர டின்கள். வெள்ளைப்பூண்டை நசுக்கியது போல ஒரு வாடை. ஸைமா குழாயைத் தார்ப்பாய்க்கு அடியில் நுழைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

“யாரும்மா நீ?”

செல்லப்பாண்டி ஐம்பது வயதுக்காரர். சோற்றுக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்திருந்தார்.

“ஆராய்ச்சிங்க சார். நாங்க ஆபீசரு கெடையாது” என்று ஞானவேல் முன்னால் வந்தார்.

“ஆராய்ச்சியா? போன தடவ வந்தவனும் போட்டோ எடுத்துட்டு ஆராய்ச்சின்னுதான் சொன்னான். மறுநாள் நாலு ஜீப்பு வந்துச்சு.” அவர் கண் திரையின் எண்ணில் போய் நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. அது தனக்கு எதிரானது என்பது மட்டும் தெரிந்தது. “எம் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் வந்தியா?”

புறங்கையால் ஓங்கி அறைந்தார். ஸைமாவின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அவள் சுவரில் மோதிச் சரிவதற்குள் ஞானவேல் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். செல்லப்பாண்டியின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

“ஏலே பழனிமுத்து! என்னலே பாத்துக்கிட்டு நிக்க?”

பழனிமுத்து ஒரு கணம் நின்றான். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்த இரும்புக் கம்பியை எடுத்தான். முதல் அடி ஞானவேலின் வலது முழங்காலில் விழுந்தது. விறகு முறிகிற சத்தம். ஞானவேல் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்து டின்களின் மேல் விழுந்தார். விழுந்தவரின் விலாவில் இரண்டாவது அடி. டின் ஒன்று உருண்டு மூடி தெறித்தது. சாம்பல் நிறக் கற்கள் தரையெங்கும் சிதறின.

“விடுங்க! அவர விடுங்க!” ஸைமா கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். பழனிமுத்து அவளை உதறினான். செல்லப்பாண்டி அவள் தலைமுடியைப் பற்றிக் கீழே தள்ளி, அவள் இடுப்பில் ஓர் உதை விட்டார். பெட்டியையும் உதைத்தார். அதன் மூடி பிளந்தது. இருவர் போனையும் பிடுங்கிக்கொண்டார்.

“உள்ளயே கெடங்க. வேணும்னா நல்லா அளந்து பாருங்க.” இரும்புக் கதவை இழுத்து வெளியே பூட்டினார். அவர் குரல் கதவு வழியாகக் கேட்டது. “இவனுக ஜீப்ப மறைச்சுட்டு, மச்சானையும் லாரியையும் கூட்டிட்டு வாறேன். சரக்கக் கடத்திட்டு இதுகள என்ன செய்யிறதுன்னு பாப்போம். எவனையும் உள்ள விடாத.”

ஜீப் கிளம்பிப் போனது.

ஞானவேலின் கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. ஸைமா தன் துப்பட்டாவைக் கிழித்து, ஒரு பலகைத் துண்டை வைத்துக் கட்டினாள். கட்டும்போது அவர் பல்லைக் கடித்தார். “நான்தான் வேண்டாம்னு சொன்னேன்ல” என்றார். அவள் முடிச்சை இறுக்கினாள்.

மழை பிடித்தது. முதல் இடியிலேயே குழல்விளக்கு அணைந்தது. பிளாஸ்டிக் சீட்டு வழியாக வந்த மங்கல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அந்தச் சீட்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. கதவுக்கு அடியிலிருந்தும் ஒரு கோடு போல ஊர்ந்து வந்தது. சற்று நேரத்தில் மூலையில் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்ட மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. சிதறிக் கிடந்த கற்கள் தண்ணீரில் பொங்கிக்கொண்டிருந்தன. பூண்டு வாடை தொண்டையை அடைத்தது.

ஸைமா கைகளாலேயே கற்களை ஒதுக்கப் பார்த்தாள். உள்ளங்கை வெந்தது. உருண்ட டின்னுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. அவள் பிளந்த பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரை இன்னும் உயிரோடிருந்தது. ஆனால் எண் உச்சியில் போய் முட்டி நின்றுவிட்டது. துளியூண்டு வாயுவைக் கண்டுபிடிக்கச் செய்த கருவி அது. இவ்வளவு வாயுவில் ஒளி மொத்தமும் விழுங்கப்பட்டு, சொல்வதற்கு அதனிடம் ஒன்றுமில்லாமல் போயிற்று. அவள் லேசரின் நிறத்தை ஒரு மயிரிழை நகர்த்தினாள். அந்த வாயு அவ்வளவாக விரும்பித் தின்னாத நிறம் அது. இப்போது எண் திரும்பி வந்தது. நூற்றில் ஒரு பங்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றரை.

இரண்டரையைத் தாண்டினால் வெடிக்க ஒரு பொறி போதும் என்று அவளுக்குத் தெரியும். ஆய்வகச் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதை ஒட்டியவளே அவள்தான்.

பெட்டியின் பிளவுக்குள் பேட்டரி ஒயர் ஒன்று கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அது போய் எதையாவது தொட்டால் அதுவே பொறி. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒயர் அசையாமல் ஒரு விரலால் அழுத்தி, மறு கையால் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். அதன்பிறகு எவ்வளவு ஏறியது என்று சொல்ல அந்த அறையில் எதுவுமில்லை.

கதவில் வாயை வைத்துக் கூப்பிட்டாள். “அண்ணே! வெளிய இருக்கீங்களா?”

பீடி வாசம் மட்டும் மெல்ல வந்தது.

“பீடிய அணைங்கண்ணே! உள்ள கல்லு நனைஞ்சு வாயு நெறஞ்சிருக்கு. வெடிச்சிரும்!”

“சும்மா நடிக்காதீங்க மேடம். எத்தன வருசமா கல்லு வைக்கோம், எங்க வெடிச்சிருக்கு?”

“பொட்டலத்துல வைக்கிறது வேற. இங்க ஒரு டின்னு மொத்தமும் தண்ணியில கெடக்கு!”

“மொதலாளி வரட்டும்.”

ஸைமாவுக்குத் தலை சுற்றியது. பின்னால் ஞானவேல் ஏதோ முனகினார். பிறகு முனகலும் நின்றது. அவரை உலுக்கினாள். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. அவள் மறுபடி கதவுக்கு வந்தாள். எப்படிச் சொன்னால் இவனுக்குப் புரியும் என்று யோசித்தாள். வில்பட்டியில் மாமா வீட்டுக் காட்டில் பார்த்தது நினைவுக்கு வந்தது.

“காட்டுமாடு வெரட்ட நீங்க பைப்பு வெடி போடுவீங்கல்ல?”

வெளியே அசைவு நின்றது.

“பைப்புக்குள்ள எவ்வளவு கல்லு போடுவீங்க? சுண்டைக்கா அளவு. அதுல ரெண்டு சொட்டு தண்ணி. அதுக்கே மலை அதிருதுல்ல? இப்ப இந்த ரூமுதான் பைப்பு. நாங்க உள்ள இருக்கோம். நீங்க வாயில நெருப்ப வச்சுக்கிட்டு நிக்கீங்க.”

வெளியே காலடி கதவை நெருங்கியது. கதவுக்கு அடியில் மூக்கை வைத்து யாரோ முகர்வது தெரிந்தது. உடனே அவன் எகிறிக் குதித்து ஓடும் சத்தம். பீடியை மழையில் எறிந்துவிட்டுத் திரும்பி வந்தான்.

“அய்யய்யோ… சாவி அவருகிட்டல்ல இருக்கு!” அடுத்த நொடி கடப்பாரை பூட்டில் உரசியது.

“இரும்ப இரும்புல அடிக்காதீங்க!” ஸைமா தொண்டை கிழியக் கத்தினாள். “பொறி பறக்கும்! மொதல்ல மெயின் சுவிட்ச எறக்குங்க. கரண்டு வந்துச்சுன்னா செத்தோம். அப்புறம் கூரையப் பிரிங்க. மரக்கட்டையால ஒடைங்க.”

மெயினை இறக்கினான். சரிவில் சுற்றிக்கொண்டு ஏறி, பின்பக்கக் கூரைக்கு வந்தான். பிளாஸ்டிக் சீட்டில் கட்டை மோதியது. மூன்றாவது நான்காவது அடியில் அது நொறுங்கி மழையோடு உள்ளே கொட்டியது. ஈரக் காற்றும் வந்தது. அந்தக் காற்று தைரியம் கொடுத்தாலும், தண்ணீர் அதிகமாகக் கொட்டக் கொட்டக் கற்கள் இன்னும் மூர்க்கமாகப் பொங்கின.

பழனிமுத்து தார் கட்டும் நைலான் கயிற்றை இறக்கினான். ஸைமா ஞானவேலின் அக்குளுக்கடியில் கயிற்றைக் கட்டினாள். பழக்கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவரைக் கீழிருந்து தாங்கித் தூக்கினாள். மேலிருந்து அவன் இழுத்தான். ஒடிந்த கால் கூடையில் இடித்தும் ஞானவேலுக்கு நினைவு வரவில்லை. உடல் ஓட்டைக்குள் நுழைந்து மறைந்தது. அவரைச் சரிவின் புல்லில் கிடத்திவிட்டுப் பழனிமுத்து திரும்பி வந்தான்.

“கையக் குடுங்க மேடம். வெரசா!”

ஸைமா கூடைகள் மீது ஏறி நின்றாள். அவன் அவள் மணிக்கட்டைப் பற்றித் தூக்கினான். இடுப்புவரை வெளியே வந்தபோதுதான் முன்வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. செல்லப்பாண்டி வந்துவிட்டார். எதிரேயிருந்த டீக்கடையில் விளக்கு எரிந்தது. கரண்டு வந்திருந்தது. குடோன் மட்டும் இருட்டாகக் கிடந்தது.

“எவன்லே மெயின எறக்குனது?”

“அண்ணே, தொடாதீங்க!” பழனிமுத்து மழைக்கு மேல் கத்தினான். “உள்ள கல்லு வாயு! தொடாதீங்கண்ணே!”

செல்லப்பாண்டிக்குக் கேட்டதா என்று யாருக்கும் தெரியாது. மெயின் பெட்டி அந்த இரும்புக் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சுவிட்சை ஏற்றிவிட்டார்.

ஸைமாவுக்குச் சத்தம் நினைவில் இல்லை. வெளிச்சம் மட்டும் நினைவிருந்தது. கீழேயிருந்து வெள்ளையாக ஒன்று ஏறி வந்து அவள் கால்களைக் கவ்வியது. கூரை மொத்தமும் ஒருமுறை எழும்பி இறங்கியது. பழனிமுத்தின் முகத்துக்கு நேராக அந்தத் தீ ஓட்டை வழியாகப் பீறிட்டது. அவன் முடி, புருவம், சட்டை எல்லாம் ஒரே நேரத்தில் பற்றின. அவன் அலறினான். ஆனால் பிடித்த கையை விடவில்லை. அவளையும் இழுத்துக்கொண்டு சரிவில் உருண்டான். நனைந்த புல்லில் இருவரும் புகைந்துகொண்டு கிடந்தார்கள்.

முன்பக்கத்தில் இரும்புக் கதவு சட்டத்தோடு பெயர்ந்து சாலைக்கு வந்திருந்தது. செல்லப்பாண்டி அதற்கு அடியில் கிடந்தார். டீக்கடைக்காரர்களும் மச்சானும் கதவைப் புரட்டியபோது உயிர் இல்லை. முகத்தில் அடையாளம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. கையில் சாவிக்கொத்து மட்டும் இறுகியிருந்தது.

திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரியில் மூன்று பேரையும் சேர்த்தார்கள். ஸைமாவுக்கு இரண்டு கால்களிலும் தீக்காயம், இடது காது செவிடு. ஞானவேலின் காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. பழனிமுத்துக்கு ஒரு கண் போய்விட்டது. கைகள் இரண்டும் வெந்து விரல்கள் ஒட்டிக்கொண்டன. அவன் கட்டில் அருகே ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார்.

வாக்குமூலம் வாங்க வந்த இன்ஸ்பெக்டரிடம் ஸைமா நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

“கம்பியால அடிச்சது யாரு?”

“பழனிமுத்து.”

“கூரைய ஒடைச்சுத் தூக்கினது?”

“அவருதான்.”

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். “அடிச்சவனே ஏம்மா தூக்கணும்? மொதலாளிதான் செத்துட்டான், பழிய அங்க போட்டுட்டுப் போகலாமே. இல்ல, இவன்தான் கொல்லப் பாத்தான்னு சொல்றியா? ஏதாவது ஒண்ணச் சொல்லு.”

“ரெண்டும் நடந்துச்சு சார். ரெண்டையும் எழுதுங்க.”

அன்று மாலை பழனிமுத்தின் மனைவி வடிவு அவள் கட்டிலுக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்தாள் என்று பக்கத்துக் கட்டில்காரி நினைத்து ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். வடிவு உட்காரவில்லை.

“உங்கள யாரு அங்க வரச் சொன்னா?” என்றாள். “அவுக பாட்டுக்கு மூட்ட தூக்கிக்கிட்டிருந்தாக. அடின்னா அடிப்பாக, எறக்குன்னா எறக்குவாக. அன்னைக்கு நீங்க வரலேன்னா எம்புருசனுக்குக் கண்ணு இருந்திருக்கும். இப்பப் பிள்ளைக அவுக முகத்தப் பாத்து அலறுதுக.”

ஸைமாவின் வலது காதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. அந்தக் கல் வைத்த பழத்தைத் தின்கிறவர்கள் பிள்ளைகள்தான் என்று சொல்லலாம். மறுபடி பெட்டி கத்தினால் மறுபடி வண்டியை நிறுத்தத்தான் செய்வாள் என்றும் அவளுக்குத் தோன்றியது. அதை இவளிடம் சொல்ல வாய் வரவில்லை. “நான் அப்படி, கேக்காம உள்ள வந்திருக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னாள். வடிவு அதைக் காதில் வாங்காமல் போய்விட்டாள்.

பழனிமுத்து மேல் போட்ட வழக்கு பழனி கோர்ட்டுக்கு வந்தபோது ஆறேழு மாதம் ஓடியிருந்தது. அதற்கு முந்தின வாரம் ஸைமா அடிவாரத்துக்குப் பக்கத்தில் ஞானவேல் வீட்டுக்குப் போனாள். அவள் இன்ஸ்பெக்டரிடம் சொன்னது தெரிந்த நாளிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. அவர் மனைவி விசாலாட்சிதான் போனை எடுத்து, தூங்குகிறார் என்று சொல்லுவாள். இன்று அவரே ஊன்றுகோலில் வந்து கதவைத் திறந்தார்.

“சாட்சிக்கு வர்றீங்களாண்ணே?”

“வராம? கால எடுத்தவன சும்மா விடச் சொல்றீங்களா?”

“விடச் சொல்லல. அவரு உங்கள எப்படித் தூக்கினாருன்னும் சொல்லணும்ல.”

ஞானவேல் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். வேட்டியை இழுத்துக் காலில்லாத இடத்தை மூடினார். “நான் பாத்தது கம்பி. அது எறங்கினதப் பாத்தேன். அதுக்கப்புறம் நான் மயங்கிக் கெடந்தேன், மேடம். கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி. கயிறு, கூரை, அவன் கை வெந்தது எல்லாம் நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாக்காதத நான் எப்படிச் சொல்ல?”

“நான் பாத்தேன்ல?”

“அப்ப நீங்க சொல்லுங்க. நான் தடுக்கல. எனக்குத் தெனமும் ராத்திரி அந்தக் கம்பிதான் வருது. கயிறு ஒருநாளும் வந்ததில்ல.”

விசாலாட்சி இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குடித்தார்கள். கிளம்பும்போது ஸைமா வாசலில் நின்று, கோர்ட்டுக்குப் போக வண்டி கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.

“யாரு ஓட்டுறது?”

“நான்தான்.”

ஞானவேல் ஊன்றுகோலைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். “வெள்ளனே வந்துருங்க” என்றார். “படி எறங்க எனக்கு நேரமாகும்.”